கை சும்மா இருந்த நேரம்

ஏழு பகல், ஏழு இரவு முடிந்து
கைப்பட்டையைக் கழற்றி வாங்கப் போனேன்
புதுவயலுக்கு, காரைக்குடி டவுன் பஸ்ஸில்.
மடியில் லேப்டாப். பையில் ஸ்பிரிட், பஞ்சு,
கையெழுத்து வாங்க வேண்டிய தாள்கள்.
ஆலைக்கு இரண்டு நிறுத்தம் முன்பே
புழுங்கல் வாடை ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆய்வில் அவள் பெயர் நாற்பத்தொன்று.
களத்தில் வேறு.
இங்கே பஞ்சவர்ணம் என்கிறேன்.

திரையில் அவளுடைய வாரம்.
கறுப்பாய்க் கோடு எழுந்தால் அசைவு,
வெள்ளை விழுந்தால் ஓய்வு.
தினமும் பத்திலிருந்து இரண்டு மணி வரை
வெள்ளை.
பங்குனி வெயிலில், சிமெண்டுக் களத்தில்,
இவள் தூங்கியிருக்கிறாள் என்றது மென்பொருள்.

“கழட்டி வச்சிட்டீங்களாக்கா?”
“குளிக்கையிலகூட கழட்டலையே.
நீதான தம்பி சொன்ன, தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு.”

அப்புறம்தான் களத்தைப் பார்த்தேன்.
அவித்த நெல் ஆவி அடங்காமல் விரிந்து கிடக்க
ஆறு பெண்கள்
இரு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி
பாதத்தால் நெல்லைக் கீறிக்கொண்டு போகிறார்கள்.
போன தடத்தை ஒட்டி வருகிற தடம்.
ஏர் இல்லாத உழவு.
மணிக்கட்டு மட்டும் சும்மா இருக்கிறது.
அந்த மணிக்கட்டில்தான்
நான் கட்டிவிட்டிருந்தேன்.

காலில் கட்டியிருக்கலாம்.
நெறிமுறை, பக்கம் பன்னிரண்டு:
‘ஆதிக்கமற்ற கையில் அணிவிக்கவும்.’
தமிழில் பெயர்த்தவன் நான்தான்.
சோற்றுக்கை வேண்டாம், மற்றக் கையை நீட்டுங்கள்
என்றபோது சிரித்தாள்,
“எனக்கு ரெண்டும் சோறு போடுற கைதான்.”

இரவுகள் அழகாக இருந்தன.
ஒன்பதே முக்காலிலிருந்து நாலேகால் வரை
ஒரு கோடு இல்லை.
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
இதற்கு முன் நாற்பது பேரில் யாருக்கும் இப்படி வந்ததில்லை.
“நல்லாத் தூங்கியிருக்கீங்க” என்றேன்,
விடைத்தாள் கொடுக்கிற வாத்தியார் குரலில்.

தூக்கக் குறிப்பேட்டை நீட்டினாள்.
எட்டாவது படிக்கும் மகனின் கையெழுத்து.
திங்கள்: முழிப்பு. செவ்வாய்: முழிப்பு.
புதன்: ரெண்டு மணிக்கு ஆலைச் சங்கு. அப்புறமும் முழிப்பு.

“அவரு பாய்லர்ல நிக்கிற ஆளு.
நாலரைக்குப் போகணும்.
இரும்புக் கட்டிலு, நான் புரண்டா கிறீச்சுங்கும்.
முழிச்சிட்டாருன்னா அம்புட்டுதான், திரும்பத் தூக்கம் வராது.
கண்ணு சொக்கிக்கிட்டு அந்தச் சூட்டுக்கிட்ட நிக்கலாமா?
போன வருசம் வேல்ச்சாமி இப்படித்தான்…”
மிச்சத்தைச் சொல்லவில்லை,
காலால் ஒரு நெல்லைத் தள்ளினாள்.
“அதான் கட்டை மாதிரி கிடப்பேன்.
வட்டிக் கணக்கக் கூட்டுவேன். திருப்பிக் கூட்டுவேன்.
ஒரு தடவைகூடக் குறைஞ்சு வந்ததில்ல.”

ஏழு இரவும் யாருடைய உறக்கத்தை அளந்தேன்?
இவள் கையில் கட்டி
அந்த மனிதருடையதை.

படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
‘பிற’ என்ற இடத்தில் பொடி எழுத்தில்
இரண்டு வரி எழுதினேன்.
சாயங்காலம் மதுரையிலிருந்து அழைத்தார்கள்:
குறிப்பேடும் கருவியும் முரண்பட்டால்
கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்.
சரி என்றேன்.
சரி என்றுதான் சொன்னேன்,
வரிகளை அழிக்கவில்லை.

ராத்திரி பட்டையைத் துடைத்தேன்.
கொக்கி இடுக்கில் ஒரு உமி.
குண்டூசியால் நெண்டினேன். வரவில்லை.

மறுநாள் கண்டனூரில் நாற்பத்திரண்டு,
தையல் கடைக்காரர்,
பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“இத முன்னாடி கட்டியிருந்தவுக
நல்லாத் தூங்குனாகளா?”
சொல்லக் கூடாது என்றேன்.
கொக்கியை அழுத்தி,
ஒரு விரல் நுழைகிறதா என்று இறுக்கம் பார்த்தேன்.
“சரியா இருக்கு” என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
“உள்ள என்னமோ உறுத்துது.”